கைபேசிக்குக் குங்குமமா? குழந்தைக்குக் கல்வியா?



ஆயுத பூஜை வந்துவிட்டால் நம் புதுவையிலே கடைக்குக் கடை கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் அப்புகிறார்கள். கைபேசியையும் பூஜையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிட்டதனால், அதற்குள் ஓடும் செயலியைச் செய்கிற வித்தை ஒருவனுக்காவது வந்ததுண்டா?

கர்ப்பக்கிரகத்திற்கு வெளியே நில், தட்டில் காசைப் போடு, கொடுப்பதை வாங்கிக்கொள் என்றார்கள்; எதிர்த்தோம். ஆனால் கைபேசி விஷயத்தில் நாமே வெளியில் நின்றுகொண்டு, எவனோ செய்து கொடுப்பதை வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். "செயலி செய்வது பெரிய மூளைக்காரர் வேலை, நம் பிள்ளைக்கு வராது" என்கிறோம். இது புது மனுதர்மமல்லாமல் வேறென்ன?

வராது என்பது சுத்தப் பொய். அமெரிக்காவில் ஹால் ஏபல்சன் என்னும் பேராசிரியர் முதலியோர் கூகுள் கம்பெனியிலே உண்டாக்கிய ‘ஆப் இன்வென்டர்’ என்னும் சாதனம் 2010-ல் வெளிவந்தது. 2012 முதல் அதை எம்.ஐ.டி. கல்வி நிலையம் நடத்துகிறது. அதற்குக் காசு கிடையாது. பிள்ளைகள் விளையாட்டுக் கட்டைகளைப் பொருத்துவதுபோலக் கட்டளைகளைப் பொருத்த வேண்டியதுதான். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால்’ என்பது ஒரு கட்டை. ‘இந்த ஒலி கேட்கட்டும்’ என்பது அதற்குள் பொருந்தும் மற்றொரு கட்டை. செய்ததை உடனே கைபேசியில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஓடவில்லையானால்? அங்கேதான் தோழர்களே, உண்மையான படிப்பு இருக்கிறது! ராகு காலத்தில் ஆரம்பித்தோமோ, எவன் கண் பட்டதோ என்று கேட்டால் செயலி ஓடாது. ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினால்தான் ஓடும். காரணமில்லாமல் காரியமில்லை என்று நாம் நூறு மேடையில் பேசிப் புரியவைப்பதைப் பத்து வயதுப் பெண் ஒரே மாலையில் தன் கையாலேயே தெரிந்துகொள்வாள்.

2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாய்த் தாராவிக் குடிசைப் பெண்பிள்ளைகள் இதே சாதனத்தைக் கொண்டு செயலிகள் செய்தார்கள். ஒன்று, பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கத் தன் முறை வந்ததை அறிவிப்பது. மற்றொன்று, ஆபத்தில் சிக்கிய பெண் தான் இருக்குமிடத்தை வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பது. குடத்தோடு காத்து நின்ற கஷ்டம் தெரிந்தவளுக்கல்லவா அந்த யோசனை வரும்? தட்டேந்தி நிற்கும் கூட்டத்திற்கு வருமா?

கைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பார்கள். ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் கெடுக்கும்தான். செய்யத் தெரிந்த பிள்ளை அதற்கு எஜமான். பார்க்க மட்டும் தெரிந்த பிள்ளை அதற்கு அடிமை.

1930-ல் இந்த ஊரிலிருந்து ‘புதுவை முரசு’ வெளிவந்ததே, எப்படி? நம் கருத்தைச் சொல்ல நமக்கே ஒரு பத்திரிகை வேண்டும் என்று அன்றுள்ளவர்கள் துணிந்ததால்தான். இன்று அதே துணிவு இதற்கும் வேண்டும்.

ஆகவே பாகூரிலும் வில்லியனூரிலும் அரியாங்குப்பத்திலும் உள்ள தோழர்கள், படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கைபேசியும் வைத்துத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். பெண்பிள்ளைகளை முன் வரிசையில் உட்காரவையுங்கள். பூஜைக்குச் செலவாகும் பூவும் பொரியும் மிச்சமாகும். பிள்ளைகளுக்குப் புத்தி வளரும்.