சைக்கிள் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை

தன் சம்பளத்தில் பந்தய சைக்கிள் வாங்கி, மார்கழி மாதத்தில் ஒரே நாளில் சென்னையிலிருந்து மரக்காணம் வரை சென்று திரும்பப் போவதாக மகள் சொல்கிறாள்; தடுப்பதா, விடுவதா என்று ஒரு தாயார் நம்மைக் கேட்டிருக்கிறார். தடுக்க வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எந்த வண்டியை வாங்குகிறாள், அந்த நாளை எவ்வாறு வகுத்திருக்கிறாள் என்ற இரண்டையும் தாயார் விசாரித்தே தீர வேண்டும்.

போய் வர 200 கிலோமீட்டருக்கு மேலாகும் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கும். சற்றுக் கணக்குப் போட்டால் மலைப்பில் பாதி தீர்ந்துவிடும். ‘பிரவே’ என்ற பிரெஞ்சுப் பெயரால் வழங்கும் நெடுந்தூரச் சவாரிகளில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம் தருகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் மிதித்தால் பத்து மணி நேரம் போதும். மீதி மூன்றரை மணி உண்ணவும், உட்காரவும், பஞ்சர் பார்க்கவும். முதலில் வந்தவருக்குப் பரிசும் இல்லை. கடைசியில் வந்தவருக்கு அவமானமும் இல்லை. இவ்வகைச் சவாரிகளில் மிகப் பிரசித்தமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மட்டும் 1891-இல் பந்தயமாகவே தொடங்கிற்று. சார்ல் தெரோன் என்பவர் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிஷத்தில் கடந்து முதலில் வந்தார். இப்போது நான்கு வருஷங்களுக்கு ஒரு முறை நடக்கும் அச்சவாரியில் 90 மணி நேரம் வரை கொடுக்கிறார்கள். 2019-இலும் 2023-இலும் நம் நாட்டவர் பலர் அங்கே சென்று மிதித்தார்கள்.

ஆகவே பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கத் தகுந்த வண்டியே தேவை. கடைக்காரர் முதலில் எடையைப் பற்றித்தான் பேசுவார். ஒரு கிலோ குறைவதற்காகப் பல்லாயிரம் ரூபாய் அதிகம் கொடுப்பது, கடற்கரையோரத்துச் சமமான சாலையில் பெரும்பாலும் வீண். முதலில் கவனிக்க வேண்டியது பிரேமின் அளவு. ஆசனத்தில் அமர்ந்து, அடியில் இருக்கும் பெடலின்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். ஆசனம் மிகவும் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறமும், மிகவும் உயர்ந்தால் பின்புறமும் வலி காணும். ஹாண்டில்பாரை எட்டி எட்டிப் பிடிக்க நேர்ந்தாலோ கழுத்து நோகும். உள்ளங்கை மரத்துப் போகும். “இந்த அளவு ஒன்றுதான் இருக்கிறது, போகப் போகப் பழகிவிடும்” என்று கடையில் சொன்னால், நமஸ்காரம் சொல்லிவிட்டு வெளியே வருவதே உத்தமம். செருப்புப் பழகலாம், பிரேம் பழகாது.

டயர் மெலிந்திருந்தால்தான் வேகம் என்று ஒரு நம்பிக்கை வெகு காலம் இருந்தது. 23 மில்லிமீட்டர் டயரில் ஓடிய பந்தயக்காரர்களே இப்போது 28-க்கு வந்துவிட்டார்கள். நமது சாலைக் குழிகளை உத்தேசித்தால் 32 இன்னும் சிலாக்கியம். அந்த அகலம் பிரேமுக்குள் நுழையுமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனிப் பிரயாணத் திட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடுகள் இல்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்கக்கூடும். மேட்டின் வேலையைக் காற்று செய்துவிடும். மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகும் வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய்த் திரும்பும் நேரத்தைக் கணித்தவர்கள்தாம் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அவள் காலை நாலரை மணிக்குப் புறப்படட்டும். பத்தரை அடிக்கும்போது மரக்காணம் வந்திராவிட்டால், எந்த இடத்தில் இருக்கிறாளோ அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்கு முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்வது நல்லது. புறப்படும்போதும் இருட்டு, வந்து சேரும்போதும் இருட்டாகலாம். ஆதலால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம்.

பசி எடுத்த பிறகு உண்ணலாம் என்றிருந்தால் கால் ஓய்ந்துவிடும். மணிக்கொரு தரம் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சிறிது உள்ளே போக வேண்டும். தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு தேவை. மரக்காணத்து உப்பளங்களின் பக்கம் நிழலை எதிர்பார்ப்பதற்கில்லை. வழியில் உப்பிட்ட மோர் கிடைத்தால் விடக் கூடாது.

இதற்கு முன்பு இரண்டு மாத காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் 50, 80, 120 என்று தூரத்தைக் கூட்டிப் பழகியிருக்க வேண்டும். அந்த நாட்களில் முழங்கால் வலித்தால் ஆசனத்தின் உயரத்தை மீண்டும் பார்க்க வேண்டும். வலியோடு தூரத்தைக் கூட்டுவது கூடாது.

பையில் மாற்று ட்யூப் இரண்டு, பம்பு, டயர் லீவர் இருந்தால் மட்டும் போதாது. புறப்படுவதற்கு முந்தின ஞாயிறன்று, வீட்டுத் திண்ணையிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை மாற்றி, காற்றடித்து, மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தாயார் கடிகாரத்துடன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அரை மணிக்குள் முடித்துவிட்டால் நாலு மணிக்கு எழுப்பிக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பலாம்.