வாரிசு வேலையா? எத்தீம்களின் அமானிதமா?

அரசுப் பணியில் இருக்கும்போதே ஒருவர் மவுத்தாகிவிட்டால் அவர் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை தருகிறார்கள். மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'வாரிசு வேலை'. இந்தப் பெயர்தான் பல வீடுகளைக் கெடுக்கிறது, சகோதரர்களே!

வாரிசு என்றதும் மூத்த மகனுக்கு என்ன தோன்றுகிறது? 'அத்தாவின் வேலை எனக்கு வந்துவிட்டது, இனி இது என் சொத்து' என்று தோன்றுகிறது. அத்தா விட்டுச் சென்ற வீட்டுக்கும் நிலத்துக்கும் வாரிசுரிமை உண்டு. வேலை அவருடைய சொத்தே அல்லவே! 1994-ல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கருணை வேலை யாருடைய உரிமையும் அல்ல. சம்பாதித்தவர் போனதால் திடீரென்று நிலைகுலைந்த குடும்பம் அந்த நெருக்கடியைத் தாண்ட வேண்டும் என்பதற்காகத் தரப்படும் விதிவிலக்கு அது. குடும்பத்துக்காக! மகன் கல்யாணச் சந்தையில் தன் விலையை ஏற்றிக் கொள்வதற்காக அல்ல.

மனுப் போடும்போது என்ன நடக்கிறது? உம்மா, தம்பி, தங்கை எல்லோரும் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போடுகிறார்கள். இத்தாவில் இருக்கும் உம்மா, நீட்டிய தாளில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. பெற்ற பிள்ளைதானே என்ற நம்பிக்கை. இரண்டு வருடம் போகட்டும். நிக்காஹ் முடியும், வேறு ஊருக்கு மாற்றல் வரும், வீட்டுக்கு அனுப்பும் பணம் பாதியாகும், பிறகு நின்றே போகும். கேட்டால், 'உம்மாவுக்குத்தான் பென்ஷன் வருகிறதே' என்பார்கள். அந்தப் பென்ஷன் அவர் கணவர் உழைத்த உழைப்பு தம்பி, உன் தயவு அல்ல!

மத்திய அரசுப் பணியில் இப்படிச் சேருபவர், இறந்தவரை நம்பியிருந்த மற்றவர்களைப் பராமரிப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் வேலையையே பறிக்கலாம் என்பது விதி. அரசாங்கக் காகிதத்துக்குத் தெரிந்த கடமை, ஐவேளைத் தொழுகையாளிக்குத் தெரியவில்லையா?

உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி தம் இரண்டு பெண் மக்களோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்து நின்றார். ஸஃதின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக் கொண்டார் என்பது முறையீடு. வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதிதான் உமக்கு என்று தீர்த்து வைத்தார்கள். பறித்தவர் அந்நியரா? சொந்தச் சிற்றப்பா!

நம் மஹல்லா ஜமாஅத்துகள் எங்கே போயின? ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தாகும் அன்றே, உம்மாவுக்கு மாதம் எவ்வளவு, தங்கையின் படிப்புக்கு யார் பொறுப்பு என்று ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வாங்கக் கூடாதா? வேலை மகனுக்கே என்று முடிவு கட்டியது யார்? விதவை மனுச் செய்யலாம், மகள் மனுச் செய்யலாம். தமிழக அரசுப் பணி என்றால் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பங்காளிச் சண்டையிலேயே அந்தக் கெடுவைத் தொலைப்பவர்களும் உண்டு.

வியாபாரப் பெருமக்களே, இது அரசு ஊழியர் வீட்டுச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அரசு வேலையில் நம்மவர்கள் எத்தனை பேர்? 2006-ல் சச்சார் குழு சொன்ன கணக்குப்படி ரயில்வேயில் 4.5 சதவீதம். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? உங்கள் கடைகளில்தான்! இருபது வருடம் உங்கள் கல்லாவைக் காத்தவர் ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டால் அவர் வீட்டுக்கு என்ன தருகிறீர்கள்? கபன் துணியும், மூன்றாம் நாள் ஒரு கவரும். பிறகு ரமலானில் அந்த விதவை உங்கள் வீட்டு வாசல் ஜகாத் வரிசையில் நிற்கிறார்.

பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் பணிக்கொடை உண்டு என்று 1972-லேயே சட்டம் வந்தது. வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்கு ஐந்து வருட சேவை என்ற நிபந்தனைகூடக் கிடையாது. இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். கொடுக்க வேண்டிய கடனை ஜகாத் என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் ஜகாத்தும் நிறைவேறாது, கடனும் தீராது.

கடையின் பழைய சம்பளப் புத்தகத்தை எடுங்கள். நடுவில் நின்றுபோன பெயர்கள் இருக்கும். எது விலகியவர் பெயர், எது மவுத்தானவர் பெயர் என்று பிரியுங்கள். மவுத்தானவர் வீட்டுக்கு, வருகிற ஜும்ஆவுக்கு முன் கணக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். மேனேஜரை அனுப்ப வேண்டாம்.