சேப்பாராத் எங்கே இருக்கிறது?

எபிரேய வேதத்தில் மிகச் சிறிய நூல் ஒபதியா. மொத்தமே 21 வசனங்கள். எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போனவர்கள் இருக்கும் இடமாக, 20ஆம் வசனத்தில் சேப்பாராத் என்றொரு பெயர் வருகிறது. வேதத்தில் வேறெங்கும் அந்தப் பெயர் இல்லை.

மேற்குத் துருக்கியின் சார்திஸ் நகரம்தான் அது என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள் பலர். அங்கே கிடைத்த லிதிய, அரமேய இருமொழிக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் அதே எழுத்துகளில் இருக்கிறது. பழைய அரமேய உரையான தர்கூமோ ஸ்பெயின் என்று பொருள் கொண்டது. அதை ஏற்ற ஸ்பெயின் யூதர்கள் செபராதிகள் ஆனார்கள். 1492இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். சிதறியவர்களில் சிலர் கொச்சி வரை வந்து சேர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் அந்த வரவின் சாட்சி.

ஏசாயா 49இல் வரும் சீனீம் தேசமும் இப்படித்தான். சீனா என்று நெடுங்காலம் நம்பினார்கள். சாக்கடல் சுருளின் பாடமோ எகிப்தின் அஸ்வானைக் காட்டுகிறது.

அகழ்ந்து பார்த்து இடத்தை உறுதி செய்யத்தான் வேண்டும். அதற்காகத் தர்கூமின் வாசிப்பைப் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் கிடந்து தவித்த ஊரை வேதத்துக்குள் கண்டவர்களின் வரலாறு அதில் இருக்கிறது.

சிறைப்பட்டுப் போன யூதர்கள் பாபிலோனியாவில் குடியமர்த்தப்பட்ட ஓர் ஊருக்கு ஆல் யாகூது, அதாவது யூதாவின் ஊர், என்றே பெயர். அவ்வூரைச் சேர்ந்த களிமண் பலகைகளில் மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. அவற்றில் புலம்பல் இல்லை. வாற்கோதுமைக் கடன், பேரீச்சங்காய்க் குத்தகை, சாட்சிகளின் பெயர், தகப்பன் பெயர், தேதி. நாடிழந்தவர்கள் அன்றாடம் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை இந்தக் கணக்குச் சீட்டுகளைப் போல எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லவில்லை.

கெங்கவல்லி வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைத் தொலைதூரத்துக் கதையாகப் படிக்க முடியாது. நாகியம்பட்டியிலும் செந்தாரப்பட்டியிலும் ஈழத்து மக்களின் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நல்ல மாற்றம்தான். ஆனால் 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்லி, இலங்கையை விட்டுவிட்டது. முகாமிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து, வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அகதிகளாகவே எண்ணப்படுகிறார்கள். இது அநீதி.

அந்த வீடுகளின் தகரப்பெட்டிகளில் பதிவு அட்டைகளும் பணக்கொடைச் சீட்டுகளும் ஊரிலிருந்து வந்த கடிதங்களும் மட்கிக்கொண்டிருக்கின்றன. எந்தத் துறையில் படகேறினார்கள், மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்கு மாற்றப்பட்டார்கள் என்பதெல்லாம் மூத்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் சம்மதித்தால், அடுத்த இதழிலிருந்து அவற்றை வரிசையாக அச்சிட விரும்புகிறோம். ஆட்களின் பெயரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயர்களை மட்டும் அவர்கள் சொல்லுகிறபடியே போடுவோம்.