தாய்மடி ஓர் இருக்கை அன்று

அண்மையில் திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் பேச்சு குழந்தை இருக்கையை நோக்கித் திரும்பியது. மூத்த பேராசிரியர் ஒருவர், "தாய்மடியைவிடப் பாதுகாப்பான இருக்கையை எந்த நிறுவனம் செய்துவிட்டது? இதெல்லாம் மேலைநாட்டு நுகர்வுப் பண்பாட்டின் திணிப்பு" என்றார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். நானும் வாய்மூடி நின்றேன். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலோ மோதி, அரை மீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அக்கணத்தில் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 200 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டும். எந்தத் தாயின் கைகளுக்கும் அது இயலாது. அவர் இருக்கைப் பட்டை அணிந்திருந்தால் குழந்தை கையைவிட்டுப் பறிபோகும். அணியாதிருந்தால் அவருடைய உடலே குழந்தையை முன்னுள்ள பலகையோடு சேர்த்து நசுக்கும். முன்னிருக்கையாயின் ஏர்பேக் எனும் காற்றுப்பையும் உண்டு. வளர்ந்தவரின் மார்பைக் கருதி அமைக்கப்பட்ட அந்தப் பை, கண்ணிமைப்பதற்குள் விரிந்து மடியிலுள்ள குழந்தையின் முகத்தில் அறையும். 2024 செப்டம்பர் இறுதியில் மலப்புறம் மாவட்டத்தில் தாயின் மடியில் முன்னிருக்கையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இவ்வாறுதான் இறந்ததாகச் செய்திகள் கூறின.

அதன்பின் நடந்ததை நினைவுகூர்க. அக்டோபரில் மாநிலப் போக்குவரத்து ஆணையர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: நான்கு வயது வரை பின்வரிசையில் குழந்தை இருக்கை, அதற்கு மேல் 14 வயது வரை 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டாதோர்க்கு உயர்த்தும் மெத்தையுடன் இருக்கைப் பட்டை, டிசம்பர் முதல் அபராதம். அறிவிப்பின் மை உலருமுன் அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் அபராதம் இல்லை என்று அறிவித்துவிட்டார். இத்தனைக்கும் ஆணையர் புதிதாக எதையும் இயற்றவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று தெளிவாகவே சொல்கிறது. 2023 ஜூனில் சாலைகளில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கியபோதும் இதே கதைதான்: இருசக்கர வாகனத்தில் மூன்றாவதாகச் செல்வது 12 வயதுக்குட்பட்ட குழந்தையாயின் அபராதம் இல்லை என்று அன்றைய அமைச்சர் அறிவித்தார். சட்டம் குழந்தையைத் தொடும் இடத்தில் மட்டும் நம் அரசுக்கு மனம் இளகிவிடுகிறது. அந்த இளக்கம் பெற்றோரின் வசதிக்கே உதவுகிறது. குழந்தைக்கு வாக்குரிமை இல்லை.

கழக்கூட்டத்துக்கு வடக்கே, பள்ளிப்புறத்தில், 2018 செப்டம்பர் 25 அன்று வயலின் கலைஞர் பாலபாஸ்கரின் கார் மரத்தில் மோதியது. இரண்டு வயது மகள் உடனே இறந்தாள். அவர் அக்டோபர் 2 அன்று காலமானார். இழந்தவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவர்கள் செய்தது நாமெல்லாம் அன்றாடம் செய்வதே. என் ஆற்றாமை நம்மைப் பற்றியது. வண்டியை ஓட்டியவர் யார் என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டோம். மையப் புலனாய்வுத் துறை வரை வழக்கு சென்றது. குழந்தை எங்கே, எப்படி அமர்த்தப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி அந்த இரைச்சலில் ஒலிக்கவேயில்லை.

மேலைநாட்டுத் திணிப்பு என்னும் வாதத்துக்கு வருகிறேன். பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையை 1960களில் உருவாக்கியவர் சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன். விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் முதுகு முழுவதாலும் விசையைத் தாங்குவதைக் கண்டு பெற்ற எண்ணம் அது. குழந்தையின் தலை உடலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்தோ இன்னும் உறுதிப்படாதது. ஆதலால் முதுகே விசையை ஏற்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ககன்யான் வீரர்கள் நால்வரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது இதே நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான். அவர்களின் இருக்கையை மேலைநாட்டு நுகர்வு என்று எவரும் இகழக் கேட்டதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு: "எங்கள் கார் ஐந்து நட்சத்திரம்." பாரத் என்சிஏபி சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவுப் பொம்மைகள் பின்வரிசையில் குழந்தை இருக்கையில் பிணைக்கப்பட்டே மோதவிடப்படுகின்றன. மடியில் வைத்த குழந்தைக்கு அந்த நட்சத்திரங்களில் ஒன்றுகூட உரியதன்று.

எந்த இடம் சிறந்தது? பின்வரிசை, அதில் ஐயமில்லை. 2008இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, குழந்தை இருக்கையில் அமர்ந்த மூன்று வயது வரையிலானோரில், நடுவில் இருந்தவர்கள் காயமுறும் வாய்ப்பு ஓரத்தில் இருந்தவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. ஆனால் நம் பழைய கார்கள் பலவற்றில் நடுவிடத்துக்கு இடுப்புப் பட்டை மட்டுமே உண்டு; ஐசோஃபிக்ஸ் கொக்கிகளோ பெரும்பாலும் ஓரங்களில்தான். நடுவில் தளர்ந்து ஆடும் இருக்கையைவிட, நடைபாதைப் பக்கமான இடதோரத்தில் இறுகப் பொருத்தியதே மேல்.

விலை பற்றிய மறுப்பு ஒன்றே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. நல்ல இருக்கைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆட்டோவில் செல்லும் குடும்பத்துக்கோ இதனால் பயனேயில்லை. ஆயினும் காருக்கு இலட்சங்கள் செலவிட்டவர் அந்த மறுப்பின் பின்னால் ஒளிய முடியாது. ஏனையோர்க்கு அரசே இருக்கைகளை வாங்கி, எஸ்.ஏ.டி. போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகள் வழியே குறைந்த வாடகைக்குத் தரலாம். குழந்தை வளர்ந்ததும் அடுத்த வீட்டுக்கு அது செல்லும். அமைச்சர் அபராதத்தை நிறுத்திய நாளில் இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கும் நாம்.

அந்தப் பேராசிரியர் என் பதிவுகளைப் படிப்பவர். மறுப்பிருந்தால் எழுதட்டும், தாய்மை பற்றி அல்ல, அந்த 200 கிலோவைப் பற்றி.