‘ஒருமனதாக’ என்றால் யார் மனம்?

நேற்று டீக்கடையில் ஒரு தம்பி, என்னிடம் படித்தவன்தான், "சார், பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் போட்டி எதுக்கு? ஊர் கூடி ஒருத்தரைச் சொல்லிட்டா செலவும் மிச்சம், சண்டையும் இல்லைலா" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போட்டியால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகள் எனக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்ட முடியவில்லை. பாப்பாபட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

இளைய நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996 உள்ளாட்சித் தேர்தலில் இந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்து வருடம் அந்த நாற்காலியில் யாரும் நிலைக்கவில்லை. ஒன்று, மனுத்தாக்கலே நடக்காது. இல்லையென்றால், ஊர்ப் பெரியவர்கள் கை காட்டிய ஒருவர் நின்று ஜெயித்து, கையோடு ராஜினாமா செய்துவிடுவார். காகிதத்தில் எல்லாம் முறைப்படி. ஊரும் ஒருமனதாகத்தான் இருந்தது!

மீறி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மேலவளவு இருந்தது. அங்கே தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொன்றார்கள். கூட வந்தவர்களையும் விடவில்லை.

2006 அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் உருப்படியாக நடந்தது. அப்போது மதுரை கலெக்டர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஜெயித்த நால்வரையும் கலைஞர் சென்னைக்கு அழைத்து விழா எடுத்தார்.

அதே 2006-ல் எனக்கும் ஒரு கிராமத்தில் பூத் டியூட்டி. நாலு கலரில் நாலு சீட்டு. காலனியிலிருந்து வந்த ஒரு ஆச்சி, "தலைவருக்கு ரோஸ் சீட்டுதானய்யா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு உள்ளே போனார். எந்த ஊர்க்கூட்டத்திலும் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி போட்டதால் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர் நம்முடையது. யார் எங்கே உட்காருவது என்பது சின்ன விஷயமில்லை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஊர்க்கூட்டம் போடுங்கள், கூப்பிட்டால் நானும் வருகிறேன். காலனியிலிருந்து எத்தனை பேர், பொம்பளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.