மச்சத்தைக் காணோம்!

"அப்பா, உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"

என் கல்யாண வீடியோவைப் பார்த்து மகள் கேட்ட கேள்வி இது. நின்றது என் அம்மா. அவளைத் தூக்கி வளர்த்த பாட்டி!

1994-இல் செம்பூரில் நடந்த கல்யாணம். வி.ஹெச்.எஸ். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு கடையில் கொடுத்தேன். "ஷார்ப் பண்ணிப் பளிச்சென்று தருகிறோம்" என்றார்கள், தலையாட்டினேன். வந்த படத்தில் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு. ஜரிகை பொரிபொரியாகத் துடித்தது. அம்மாவின் கன்னம் மெழுகுபோல் வழவழவென்று இருந்தது, மச்சத்தைக் காணோம்.

ஷார்ப் செய்வது என்றால் என்ன? வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் வெளிச்சத்தைக் கூட்டி, நிழலை அழுத்துவது, அவ்வளவுதான். கோலத்துக்குச் செம்மண் இட்டால் எடுப்பாகத் தெரியும்; விட்டுப்போன புள்ளி அதனால் வந்துவிடாது. நம் நாட்டு 'பால்' முறைப் படத்தில் 576 வரிகள் உண்டு. ஆனால் குறுக்குவாட்டில் வி.ஹெச்.எஸ். பிடித்து வைப்பது ஏறக்குறைய 240 கோடுகளின் நுணுக்கமே. அளவு மீறி ஷார்ப் செய்தால் கேசட்டின் புள்ளி இரைச்சலும் சேர்ந்து கூராகும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களோ, தெரியாத இடத்தைத் தாமே ஊகித்து நிரப்புகின்றன. மச்சம் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

"பார்க்க அழகாக இருந்தால் போதாதா?" என்பார்கள் சிலர். டி.வி.யில் போட்டு மகிழ ஒரு பிரதி அப்படி இருக்கட்டும். ஆனால் ஊரை விட்டு வந்த நமக்கு, மறைந்த பெரியவர்கள் நடப்பதும் சிரிப்பதும் இந்தக் கேசட்டுகளில் மட்டும்தானே? அதில் பொய் முகம் கலக்கலாமா?

எனவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: முதலில், எதையும் திருத்தாத பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மெருகேற்றுவதை வேறு பிரதியில் செய்யச் சொல்லுங்கள். முதலில் இரைச்சலைக் குறைத்து, கடைசியில் லேசாக ஷார்ப் செய்தால் போதும். கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். வி.சி.ஆர். தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. எனவே ஓடுகிற கருவி வைத்திருப்பவர்கள் நம் சங்கத்தில் சொல்லி வைத்தால் பலருக்கு உதவும்.

"பழைய கேசட்டைக் குப்பையில் போட்டுவிடலாமா சார்?" என்று கடைக்காரர் கேட்டபோது, ஏதோ நினைப்பில் வேண்டாம் என்றேன். நல்லவேளை! மறுபடி, எதுவும் திருத்தாமல் ஏற்றச் சொன்னேன். படம் மங்கல்தான். ஆனால் மகள் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்: "பாட்டி!"