முற்றுப்பெறாத சித்திரம்

பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளம் ஸ்ரீ பத்மநாபப் பெருமாளுக்கு உரியதாகப் போற்றப்படுவது. அதன் சுவர்களில் தெய்வத் திருவுருவங்கள் வண்ணக் கோலத்துடன் திகழ்கின்றன. அந்த ஓவிய மரபில் முதற்பணி வண்ணம் அன்று, கோடு. சுண்ணமும் மணலும் பூசிய சுவரில், இளநீர் கலந்த சுண்ணாம்பு நீரைப் பன்முறை தடவி வெண்மையாக்குவர். பின்னர், தெய்வத்தின் தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, உருவத்தைக் கோட்டளவில் வரைவர். மஞ்சள், சிவப்பு, பச்சை என வண்ணங்கள் ஏறியதும் அந்த முதற்கோடு மறைந்துவிடும்.

மறையாமல் நின்ற கோடுகளும் உண்டு. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது அது. அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் முழு வண்ணத்தில் விரிகிறது. கீழ்த்தளத்து அறையொன்றிலோ, மகாகவி காளிதாசரின் குமாரசம்பவக் காட்சிகள் 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்று, வண்ணம் ஏறாமல் கோடுகளாகவே நின்றுவிட்டன. பார்வதி தேவியும் சப்தரிஷிகளும் அங்கே காட்சி தருகின்றனர். காவியத்தில் அம்முனிவர்கள், சிவபெருமானுக்காக இமவானிடம் பெண் கேட்டு வந்தவர்கள்.

இதனை அறியும்போது நம் குமரி அம்மையை நினையாதிருக்க முடியுமா? சுசீந்திரத்து ஈசன் மணக்கோலத்தில் புறப்பட்டதும், நாரதர் சேவலாய்க் கூவியதும், முகூர்த்தம் தவறியதென்று ஈசன் திரும்பியதும், மணவிருந்துக்கு வைத்த அரிசி கடற்கரை மணலானதும் நம் பாட்டிமார் சொன்ன கதை. திருமணம் நின்றது, பாணாசுர வதம் நிறைவேறியது. கையில் ஜபமாலையுடன் அம்மை இன்றும் தவக்கோலத்தில் நிற்கிறாள். அதனைக் குறையென்று எந்த அடியாரும் சொல்வதில்லை.

அன்பர்களே, எழுபதைக் கடந்த நம்மில் பலருக்கும் முடியாத காரியங்கள் உண்டு. பாதியில் நின்ற பாராயணம், கைகூடாத காசி யாத்திரை, கண் மங்கியதால் நிறுத்திய நாமம் எழுதுதல் என்று மனம் கணக்கிட்டு வருந்தும். அந்த வருத்தத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டா. பேரப்பிள்ளையை அருகில் அமர்த்தி, நின்ற இடத்திலிருந்து ஒரு சுலோகம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோடு இடுவது நம் கடமை. வண்ணம் தீட்டுவது அவள் திருவுளம்.